வெயில் ஊருக்குத் தனியாகக் குடிபோகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

குளிர்ந்த ஊரிலிருந்து வெப்பமான நகரத்துக்கு வேலை நிமித்தம் தனியாகக் குடிபோகும் இளைஞர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் கோடையிலேயே 25 டிகிரிதான். போகப்போகும் நகரத்தில் 38 என்கிறார்கள். என் உடம்பு தாங்குமா?

பகல் வெப்பத்தை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். அந்த நகரத்தின் இரவைப் பாருங்கள். பகலில் 40 டிகிரி தொட்டு இரவில் 22-க்கு இறங்கும் வறண்ட ஊரில் உடம்பு தூக்கத்தில் ஆறிவிடும். பகலில் 34, இரவில் 28 என்று நிற்கும் ஈரக்காற்று ஊரில் அந்த ஓய்வு கிடைக்காது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, வழியத்தான் செய்யும். உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வானிலைச் செயலிகளில் 'பனிப்புள்ளி' (dew point) என்று ஒரு எண் இருக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை அது டிகிரியில் காட்டும். அது 16-க்குக் கீழே இருந்தால் சுகம், 21-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, 24-க்கு மேல் போனால் கடும் புழுக்கம்.

ஆரோக்கியமான இளம் உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் வெப்பத்துக்குப் பழகும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், நாடித்துடிப்பு தணியும். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் ஏசியில் இருந்தால் இந்தப் பழக்கம் வராது. தினமும் சிறிது நேரம் வெளியே நடந்து, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வெயில் குறைந்த பருவத்தில் குடிபோக முடிந்தால் நல்லது. கோடைக்கு நடுவே போவதென்றால் வேலையில் சேருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

கேள்வி: மேல்தளத்தில் ஓர் அறை, வாடகை குறைவு. எடுக்கலாமா?

மேலே மொட்டை மாடி மட்டும்தான் என்றால் யோசித்து எடுங்கள். வெயில் ஊரில் உங்கள் சுகத்தைத் தீர்மானிப்பது பின்னால் வாங்கும் ஏசி அல்ல, நீங்கள் பிடிக்கும் வீடு.

கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். அந்தச் சூடு தளத்தைக் கடந்து கீழ்ப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். நீங்கள் வேலை முடிந்து வந்து படுக்கும் நேரத்தில்தான் கூரை அதைக் கக்கும். ஃபேன் அந்தக் கூரையடிச் சூட்டை உங்கள் மேல் தள்ளும். வீட்டைக் காலையில் பார்த்தால் இது எதுவும் தெரியாது. மாலை 4 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கதவு ஜன்னலை மூடிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே நில்லுங்கள். ஒரு நாற்காலியில் ஏறி உள்ளங்கையைக் கூரையில் வையுங்கள். மேற்குச் சுவரிலும் வையுங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால், இரவு முழுவதும் அந்தச் சூட்டோடுதான் படுக்க வேண்டும்.

மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் இன்னொரு தொல்லை. மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டிய கான்கிரீட் தடுப்பு அதை மறைக்காது. உள்ளே திரைச்சீலை போட்டாலும் பலன் பாதிதான், ஏனென்றால் கதிர் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மறைப்பு வெளியே இருக்க வேண்டும்: மரம், எதிர்க்கட்டடம், வெளிப்புறம் தொங்கும் மூங்கில் தட்டி. கிழக்கிலும் தாழ்வான வெயில் உண்டு. அந்த நேரத்தில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சமாளிக்கலாம்.

காற்றோட்டத்துக்கு ஜன்னல்களின் எண்ணிக்கை முக்கியமில்லை, அவை எந்தெந்தச் சுவரில் இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரே சுவரில் மூன்று இருப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் இரண்டு மேல். இரண்டையும் திறந்துவிட்டு ஒரு மெல்லிய காகிதத் துண்டை நடுவில் பிடியுங்கள். ஆடினால் காற்று ஓடுகிறது. நகர்த்தும் வகை ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட் உங்கள் ஜன்னலை நோக்கி ஊதுகிறதா என்று எட்டிப் பாருங்கள். ஊதினால் அந்த ஜன்னலைக் கோடை முழுக்கத் திறக்க முடியாது.

குழாயையும் அந்த மாலை நேரத்திலேயே திறந்து பாருங்கள். மாடியில் கறுப்புத் தொட்டி இருந்தால் வெந்நீர்தான் வரும். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு உண்டா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடக் கீழ்வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். போன ஆண்டில் வெயில் உச்சமாக இருந்த மாதத்தின் மின் கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சராசரி உதவாது. வாடகையோடு அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் 'மலிவான' மேல்தளம் பல நேரம் மலிவாக இருக்காது.

கேள்வி: ஏசி, ஏர்கூலர், ஃபேன் – வாடகை வீட்டில் எதில் பணம் போடுவது?

முதலில் நல்ல ஃபேன். ஃபேன் அறையைக் குளிர்விக்காது. தோலின் மேல் காற்றை ஓட்டி வியர்வையை உலரவைக்கும். ஆள் இல்லாத அறையில் அது சுற்றுவது வீண். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. (BLDC) வகை ஏறக்குறைய 30 வாட். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்றே உடம்பைச் சூடாக்கும்; அப்போது அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஏர்கூலர் வறண்ட ஊருக்கானது. அதையும் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்ட வேண்டும். புழுக்கமான ஊரில் அது அறைக்குள் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், அவ்வளவே.

ஏசி வாங்குவதென்றால், 1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். நடுத்தளத்தில் 10-க்கு 12 அடி அறைக்கு 1 டன் போதும். கூரைச் சூடோ மேற்கு வெயிலோ இருந்தால் 1.5 டன். 'பெரிதாகவே போட்டுவிடலாம்' என்பது தவறு. பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச நேரம் இருக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும். 16 டிகிரியில் வைத்தால் சாதாரண ஏசி வேகமாகக் குளிர்விக்காது, நிற்காமல் ஓடும். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட்டுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

சாதாரண 1.5 டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1.5 கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். நடுநடுவே நிற்பதால் கணக்கு இதற்குக் கீழேதான் வரும். ஆனால் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் ஊர்கள் பல உண்டு. ஏசிக்கெனத் தனி வயரிங்கும் 16 ஆம்பியர் பிளக்கும் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி ஓட்டினால் பிளக் உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அடிக்கடி வீடு மாறுபவருக்கு விண்டோ ஏசி வசதி. ஸ்பிளிட் என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றும் முன் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூட வேண்டும். இதைச் செய்யாமல் குழாயைக் கழற்றினால் கேஸ் முழுக்கப் போய்விடும். மெக்கானிக் பக்கத்திலேயே நின்று, 'பம்ப் டவுன் பண்ணியாச்சா?' என்று கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் விடுதியிலோ பகிர்ந்த அறையிலோ தங்கி, அங்கிருந்தே தேடுங்கள். வீட்டுக்காரர் ஏசி தந்திருந்தால் பழுதுச் செலவு யாருடையது, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஏசிக்குச் சுவரில் துளையிட அனுமதி, காலி செய்யும்போது அதை அடைப்பது யார், கூரைக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடிப்பது யார் – இவையும் எழுத்தில் வேண்டும். தனியாக இருப்பவர்களிடம் வாய்மொழியாகப் பல விதிகளைச் சொல்வார்கள். விருந்தினர் வருவது, வீட்டுக்காரர் உள்ளே வருமுன் தகவல் தருவது இரண்டையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். சாவி வாங்கும் அன்றே மீட்டர் அளவையும் சுவர்க் கறைகளையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது?

கனத்த போர்வை, கம்பளி வேண்டாம். ஏசிக்கு ஒரு மெல்லிய போர்வை போதும். ஈர ஊர் என்றால் தோல் காலணியும் பையும் பூஞ்சை பிடிக்கும், மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். மருந்துகளைச் சாமான் வண்டியில் ஏற்றாமல் கையில் கொண்டுபோங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம். ஏசித் தண்ணீர் வாளி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு மூன்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக வெப்பத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

கேள்வி: தனியாக இருக்கும்போது வெயிலால் உடம்புக்கு வந்தால்?

இதை லேசாக எடுத்துக்கொள்ளாததே நல்லது. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள். தனியாக வாழ்வதும் மேல்தளத்தில் குடியிருப்பதும் ஆபத்தைக் கூட்டியதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. கடும் வெயில் நாட்களில் காலை, மாலை இருவேளையும் ஒருவருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். செய்தி வராவிட்டால் நேரில் வந்து பார்க்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை என்றால் நிழலுக்குப் போய்ப் படுத்து, உடம்பை நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்: 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ குழப்பம் வந்தாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை இருந்தாலும் அப்படித்தான். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை நீரூற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள். குழப்பம் வந்த பிறகு உங்களால் சொல்ல முடியாது. ஒவ்வாமை, மனநலம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். ஏதேனும் எடுத்துக்கொள்பவராக இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.