அண்ணனுக்கு நானோ மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. மூன்று வருடமாகப் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. சர்க்கரை நோய் இல்லை. மரபணுப் பரிசோதனையில் ‘பரம்பரை டிடிஆர் அமிலாய்டோசிஸ்’ என்று வந்திருக்கிறது. இதற்கு நானோ மருந்து உண்டாமே, போன உணர்ச்சி திரும்புமா? ‘நானோ’ என்று போட்ட டானிக் ஒன்றை உறவினர் வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். லேபிளில் நானோ என்று போட்டிருப்பதால் அது இந்த நோய்க்கு மருந்தாகிவிடாது.

டிடிஆர் என்பது கல்லீரல் தயாரிக்கும் புரதம். வைட்டமின் ஏ-யை ரத்தத்தில் சுமந்து செல்வது அதன் வேலைகளில் ஒன்று. மரபணுப் பிழையால் அது உருக்குலைந்து, நரம்பிலும் இதயத்திலும் படிகிறது. செருப்பு காலைவிட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் பாட்டிசிரான். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏ துண்டுதான் இதில் மருந்து. அதை வெறுமனே ரத்தத்தில் செலுத்தினால் சீக்கிரமே சிதைந்துவிடும். அதனால் 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புத் துகளுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். ரத்தத்தில் அந்தத் துகள்மேல் அபோ-ஈ என்ற புரதம் ஒட்டிக்கொள்ள, வழக்கமான கொழுப்பு என்றே கல்லீரல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நோயின் ஊற்றும் அங்கேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். மூளையிலோ தசையிலோ வேர்கொண்ட அரிய நோய்களுக்கு இதே துகள் இவ்வளவு எளிதாகப் போய்ச் சேராது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சுமார் 80 நிமிடம் டிரிப்ஸாக ஏற்றுவார்கள். ஒவ்வாமை வராமலிருக்க ஒரு மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகள் தருவார்கள். வைட்டமின் ஏ அளவு குறையும் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவில் அந்த மாத்திரையும் சேரும். மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறினால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

உணர்ச்சி திரும்புமா? 225 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 56% பேருக்கு நரம்புப் பாதிப்பு தொடக்கத்தைவிடக் குறைந்திருந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 4% பேருக்குத்தான். அதற்காக முழுக்கப் பழையபடி ஆகும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இனி இழப்பதைத் தடுப்பதே இதன் முதல் பலன். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

நானோ என்பதற்காக இதையே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். 2022-இல் வந்த வுட்ரிசிரான், துகளே இல்லாமல் ஒரு சர்க்கரை மூலக்கூறைக் கொக்கியாக்கிக் கல்லீரலைச் சென்றடைகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அதுவும் தோலுக்கடியில்தான். இரண்டும் விலை மிக அதிகம். சொந்த உபயோகத்துக்கு மருந்து இறக்குமதி செய்யப் படிவம் 12ஏ-யில் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். இதயத்துக்கு எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோரில் ஒருவர் வழியாக வந்திருந்தால், இந்தப் பிழை உங்களிடமும் இருக்க 50% வாய்ப்புண்டு. அண்ணனின் பிள்ளைகளுக்கும் அப்படியே. இரண்டு கையும் இரவில் மரத்துப்போவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, காரணமில்லாமல் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றாலும், அண்ணனை அடுத்தமுறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது உங்கள் பரிசோதனை பற்றியும் கேட்டுவிட்டு வாருங்கள்.