சிமுலேஷனில் வராத அலை போர்டில் ஏன் வருகிறது?

கேள்வி: புதுச்சேரியில் எம்.டெக் படிக்கிறேன். ஆண்டெனாவுக்குப் போகும் மைக்ரோஸ்ட்ரிப் லைன் (போர்டின் மேல் சிக்னலைக் கடத்தும் செம்புப் பட்டை) போர்டு ஒன்று செய்தேன். சிமுலேஷனில் சுத்தமாக இருக்கிறது. 20 வாட்டில் இரண்டு சிக்னல் அனுப்பினால், நான் கொடுக்காத அலை ஒன்று தெரிகிறது. போர்டில் டையோடுகூடக் கிடையாது. இதை எப்படி மாடல் செய்வது?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, சிமுலேட்டரில் இருப்பது ஓம் விதிக்கு அப்படியே கட்டுப்படும் செம்பு. அதில் புது அலை பிறக்க வழியில்லை. நிஜ போர்டில் செம்பின் சொரசொரப்பு, எட்ச்சிங் அழுக்கு, லூஸ் கான்டாக்ட் எல்லாம் சேர்ந்து மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தின் முப்படியும் ஒரு துளி கலந்துவிடும். அதிலிருந்துதான் புது அலை பிறக்கிறது. பேசிவ் இன்டர்மாடுலேஷன், சுருக்கமாக 'பிம்', இதுதான். 935, 960 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் 2×935−960 = 910. ஜி.எஸ்.எம் 900 என்ற மொபைல் அலைவரிசையில் 890 முதல் 915 வரை டவரின் ரிசீவர் பகுதி. அங்கே −110 டி.பி.எம், அதாவது ஒரு வாட்டில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்தாலே தூரத்து போன் அடிபடும்.

முதலில் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஒரு டவரில் நான் கழற்றிய கனெக்டரில் மரை முழுக்கப் பச்சைக் களிம்பு. துடைத்து, டார்க் ரெஞ்சால் இறுக்கியதும் ரிசீவர் இரைச்சல் இறங்கியது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். பிம் அளக்கும் மீட்டரில் எண் குதித்தால் கோளாறு அங்கேதான்.

குதிக்கவில்லையா? அதே லேமினேட்டில் (செம்பு ஒட்டிய போர்டுப் பலகையில்) இரு மடங்கு நீளத்தில் இன்னொரு லைன் செய்து, மறுமுனையில் அளந்து பாருங்கள். லைனின் ஒவ்வொரு துண்டிலும் பிறக்கும் பிம் முன்னோக்கி ஒரே ஃபேஸில், அதாவது ஏற்ற இறக்கம் ஒன்றாக, சேரும். லைனின் இழப்பு குறைவென்றால் 6 டி.பி. (டெசிபெல்) வரை, அதாவது சக்தியில் நான்கு மடங்கு வரை கூடும். அப்படிக் கூடினால் கோளாறு லைனில்தான். அனுப்பும் முனைக்குத் திரும்பி வரும் பிம்மை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அந்தத் திசையில் துண்டுகளின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

லைன்தான் காரணமென்றால், அதை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முப்படியைச் சார்ந்த சிறு மின்னழுத்த மூலம் ஒன்றைத் தொடரில் வையுங்கள். அதன் குணகம் கேட்லாக்கில் கிடைக்காது. அளந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு சிக்னலையும் 1 டி.பி. ஏற்றினால் கணக்குப்படி பிம் 3 டி.பி. ஏறணும். நிஜத்தில் பல போர்டுகளில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். அதை முப்படிக்குள் திணிப்பது தப்பு. அளவீடு காட்டும் படியையே மாடலில் வையுங்கள். நேரடியாக ஹார்மோனிக் பேலன்ஸில் (எல்லா அலைகளையும் ஒன்றாகத் தீர்க்கும் சிமுலேஷன் முறை) போட்டால் இவ்வளவு சிறிய அலை கணக்குப் பிழையில் மூழ்கிவிடும். நேரியல் தீர்வில் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு, பிறகு 910-க்குத் தனியாகத் தீருங்கள்.

போர்டின் ஃபினிஷ் (செம்பின் மேல் பூச்சு) என்னவென்று எழுதவில்லை. நிக்கல்-தங்கப் பூச்சாக இருந்தால் அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். 900 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பில் 2 மைக்ரான் ஆழத்துக்குத்தான் ஓடும். லைனின் இரு ஓரங்களிலும் அது நிக்கலுக்குள் போய்விடும், நிக்கல் காந்தத்தன்மை உள்ளது. அடுத்த போர்டுக்கு இம்மர்ஷன் டின் (வெள்ளீயப் பூச்சு) கேளுங்கள்.