ஞாயிற்றுக்கிழமைக் காட்டுத் தடத்துக்கு 170 மி.மீ. எண்டியூரோ சைக்கிள் தேவையா?

கேள்வி: தென் லண்டனில் வசிக்கிறேன். வயது 36, எடை 74 கிலோ. முன்புறம் மட்டும் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிளில் மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சரே ஹில்ஸ் காட்டுத் தடங்களில் ஓட்டி வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை பைக்பார்க் வேல்ஸுக்குப் போவேன். வரும் கோடையில் நண்பர்களுடன் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலையில் மோர்சினுக்குப் போகத் திட்டம். இப்போது ஒருவர் தம்முடைய எண்டியூரோ சைக்கிளை நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். முன்னும் பின்னும் 170 மி.மீ. டிராவல், 29 அங்குலச் சக்கரங்கள், ஹெட் ஆங்கிள் 64 டிகிரி, எடை 16 கிலோ. இதை வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிளாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சைக்கிளில் குறை இருப்பதால் இதைச் சொல்லவில்லை. அதன் பலம் வெளிப்படுவதற்கு வேண்டிய சரிவும் வேகமும் உங்களுக்கு ஆண்டில் பத்து நாட்கள்கூடக் கிடைக்கப் போவதில்லை. மீதி நாட்களில் அதே பலங்கள்தாம் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

எண்டியூரோ என்பது முதலில் ஒரு போட்டி முறையின் பெயர். அதில் மேலேறும் பகுதிகளுக்கு நேரம் கணக்கிடுவதில்லை. குறித்த கெடுவுக்குள் அடுத்த தொடக்க இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். இறக்கப் பகுதிகளில் எடுத்துக்கொண்ட நேரத்தின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும். 2013-இல் தொடங்கிய எண்டியூரோ உலகத் தொடர் இந்த முறையைப் பரவலாக்கியபின், சைக்கிள்களும் அதற்கேற்ப மாறின. ஏற்றத்தில் ஓட்டுபவரைக் கைவிடாமல் மேலே கொண்டு சேர்த்தால் போதும், இறக்கத்தில் மட்டும் எதற்கும் அசையக் கூடாது என்பதே அவற்றின் வடிவமைப்புக்கு அடிப்படை. உங்களுக்கு வந்திருக்கும் 170 மி.மீ. சைக்கிள் இந்தக் கணக்கில் பிறந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

டிராவல் என்பது, சக்கரம் மேலெழும்பி அதிர்ச்சியை விழுங்கக்கூடிய தூரம். விளம்பரங்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடும். என் கணிப்பில், இந்தச் சைக்கிள் இறக்கத்தில் தரும் தைரியத்தில் பாதிக்கு மேல் வருவது அதன் வடிவக் கோணங்களிலிருந்துதான். ஹெட் ஆங்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தரையோடு அமையும் கோணம், 64 டிகிரியாகச் சாய்ந்திருப்பதால் முன்சக்கரம் உங்கள் கைகளுக்கு வெகு முன்னால் நிற்கிறது. இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் நடுத்தர, பெரிய அளவுகளில் ஏறத்தாழ 1,250 மி.மீ. வரை போகிறது. மாடிப்படிபோல் இறங்கும் பாறைத் தடத்தில் உங்கள் உடல் எடை இரு சக்கரங்களுக்கும் நடுவிலேயே தங்கிவிடும். ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் அங்கே பெருமளவு விலகிவிடுகிறது. ஃபோர்க்கின் கால்களும் தடித்தவை. ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஸெப் என்று 2020-இல் வந்த இரண்டு ஃபோர்க்குகளிலும் உட்குழாயின் விட்டம் 38 மி.மீ.; வேர்களின் மேல் சாய்ந்து திரும்பும்போது முன்சக்கரம் முறுக்கிக்கொண்டு வழிவிலகாமல் இருக்க அந்தத் தடிமன் உதவுகிறது.

நீண்ட டிராவலின் அருமையை நான் உணர்ந்தது மோர்சினில்தான். அங்கே நாள் முழுவதும் லிஃப்டில் ஏறி இறங்குபவர்கள் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் பிடித்துப் பிடித்து, தடத்தின் மண் தகரக் கூரைபோல் அலையலையாக எழும்பி நிற்கும். ஆகஸ்டு மாதத்தில் மழையில்லாமல் காய்ந்துவிட்டால் அந்த அலைகள் கல்போல் இறுகிவிடும். 130 மி.மீ. சைக்கிளில் அதன்மேல் இறங்கினால், மூன்றாவது இறக்கத்திலேயே விரல்கள் பிரேக் நெம்புகோலைப் பிடிக்க மறுக்கும். முன்கை விறைத்து, விரல்களை விரித்து மடக்குவதே வேதனையாகிவிடும். 170 மி.மீ. சைக்கிளில் அதே தடத்தை மாலை வரை ஓட்டினேன். சக்கரம் தரையை விட்டு எழாததால் பிரேக்கும் முழுமையாகப் பிடித்தது. களைத்திருக்கும்போது விபத்துகள் எளிதில் நிகழும் என்பதால், இதை வெறும் சொகுசு என்று நான் கருதவில்லை. பாதுகாப்பு என்றே கருதுகிறேன்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சரே ஹில்ஸில் மிக உயரமான லீத் ஹில்லே 294 மீட்டர்தான். ஹோம்பரி 261 மீட்டர். அங்குள்ள இறக்கங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு மணல்மண் பாதையில் மிதித்து மேலேற வேண்டும். காலை முதல் மதியம் வரை இதையே நான்கைந்து முறை செய்வீர்கள். நேரத்தின் பெரும்பகுதி ஏற்றத்திலும் சமதளத்திலும்தான் போகிறது. 16 கிலோ எடை ஒருபுறம் இருக்கட்டும், அதைவிடக் கால்களின் வலுவைத் தின்பது டயர். இத்தகைய சைக்கிள்களில் மேக்சிஸ் அசெகாய் போன்ற, மென்மையான ரப்பரும் தடித்த பக்கச்சுவரும் கொண்ட டயர்களே வழக்கமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். ஈரவேரில் அவை பசைபோல் ஒட்டும் என்பது உண்மை; சமதளத்தில் அதே ஒட்டல் ஒவ்வொரு மிதிக்கும் வரி வசூலிக்கும்.

வேகம் குறைந்த இடத்தில் 64 டிகிரி கோணமும் எதிராகத் திரும்புகிறது. மரங்களுக்கு இடையே நடை வேகத்தில் வளையும்போது முன்சக்கரம் தானாக ஒருபக்கம் மடிந்து விழப் பார்க்கும். செங்குத்தான ஏற்றத்தில் அது இலேசாகி அலையும். அதைத் தரையில் அழுத்தி வைக்க மார்பை ஹேண்டில்பாருக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாய் செங்குத்தாக வைக்கப்பட்டிருப்பது ஏற்றத்தில் நல்ல துணை. சமதளத்தில் அதுவே உள்ளங்கைகளின் மேல் எடையை ஏற்றும்.

மேடுபள்ளங்களை உடலால் அழுத்தி, மிதிக்காமலேயே வேகம் கூட்டும் ஓட்டத்தை ஹார்ட்டெயிலில் நீங்கள் நன்றாகவே பழகியிருப்பீர்கள். அந்த அழுத்தத்தை எல்லாம் 170 மி.மீ. சஸ்பென்ஷன் விழுங்கிவிடும். பைக்பார்க் வேல்ஸின் ஏ470 தாவல் தடத்தில்கூட, துள்ளி எழ நினைக்கும் இடத்தில் சைக்கிள் அமிழ்ந்து போவதை உணர்வீர்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய இழப்பு. சிறிய மலையில் கிடைக்கும் மகிழ்ச்சியில் பாதி அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த ஞாயிறே சோதித்துப் பாருங்கள். உங்கள் ஃபோர்க்கின் உட்குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு சிறிய கேபிள் டையைத் தளர்வாகக் கட்டுங்கள். முதலில் வழக்கமான உடை, பையுடன் ஏறி நின்று, ஃபோர்க் உங்கள் எடைக்கு 20 சதவீதம், அதாவது 24 மி.மீ. அமிழும்படி காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, நீங்கள் ஓட்டுவதிலேயே கடினமான தடத்தில் முழு வேகத்தில் இறங்குங்கள். வளையம் நிற்கும் இடம்தான், அந்தத் தடம் உண்மையில் கேட்ட டிராவல். 100 மி.மீ. அளவில் நின்றால், கூடுதலாக வரும் 50 மி.மீ. உங்களுக்கு வெறும் தொய்வு. ஒவ்வொரு முறையும் கடைசி வரை போய் இடித்து நிற்கிறது என்றால், உங்களுக்குக் கூடுதல் டிராவல் தேவைதான். அப்போதும் 140-இலிருந்து 150 மி.மீ. வரை போதும்.

பராமரிப்புச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களைத் திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது; பின்சக்கர அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்கின் காற்று அறைக்கும் அதே கெடுதான். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் ஓட்டினால் பதினேழு வாரங்களில் அந்தக் கெடு வந்துவிடும். ஹார்ட்டெயிலில் இல்லாத பின்புற இணைப்புகளின் பேரிங்குகளுக்கு இங்கிலாந்துக் குளிர்காலச் சேறு பெரும்பகை. அதிலும், சேற்றைப் போக்கப் பலர் பிரஷர் வாஷரை நேராக இணைப்புகளின்மேல் அடிக்கிறார்கள். அது கிரீஸை வெளியேற்றித் தண்ணீரை உள்ளே குடியேற்றிவிடும்.

ஆகவே, முன்புறம் 140 அல்லது 150, பின்புறம் 130 முதல் 140 மி.மீ., ஹெட் ஆங்கிள் 65 டிகிரியை ஒட்டி, எடை 14 கிலோ அளவில் உள்ள ஒரு ட்ரெயில் சைக்கிளைத் தேடுங்கள். பின்புறம் சற்று இலேசான டயர் இருக்கட்டும். பைக்பார்க் வேல்ஸில் வேன் உங்களை மேலே ஏற்றிவிடும் நாட்களையும் அது தாராளமாகச் சமாளிக்கும். மோர்சினில் எண்டியூரோ சைக்கிள்களும் அதைவிடப் பெரிய டவுன்ஹில் சைக்கிள்களும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே 170 மி.மீ. சைக்கிளை ஒரு வாரம் எடுத்து, ஆசை தீர ஓட்டுங்கள். அந்த ஒரு வாரத்தில் பிரேக் பட்டைகளும் டயரும் தேய்வது உங்கள் கணக்கில் சேராது என்பதும் ஓர் ஆறுதல்.

வேல்ஸுக்கு மாதம் ஒருமுறையாவது போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது இந்தச் சைக்கிளை நேரில் போய்ப் பாருங்கள். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்கு மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். டக்கென்று ஒரு சிறு இடைவெளி கைக்குத் தட்டுப்பட்டால், பேரிங்கோ ஷாக்கின் முனையிலுள்ள புஷ் என்ற வளையமோ தேய்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டி, ஃபோர்க்கின் மேற்பகுதியிலிருந்து முனகல் வருகிறதா என்று கேளுங்கள். ஃபோர்க், ஷாக் ஆகியவற்றின் பளபளப்பான உட்குழாய்களை நகத்தால் வருடிப் பாருங்கள்; நகம் சிக்கும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும், அதைப் பழுதுபார்க்கும் செலவு விலையில் கழிய வேண்டும். சட்டகத்தின் அடியில், மிதி அச்சைச் சுற்றியுள்ள பகுதியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம், ஏனெனில் கல்லடி படும் இடம் அது, விரிசலும் அங்கே தொடங்கலாம். பெரும்பாலும் அதே இடத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன் பைக்ரெஜிஸ்டர் பதிவேட்டில் அது திருட்டுப்போனதாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.