விருந்தினர் யார் வீட்டில் தங்குவது?

கேள்வி: கொல்லிமலையில் எங்களுக்கு மிளகுத் தோட்டமும் ஓட்டு வீடும் இருக்கின்றன. இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. ஹோம்ஸ்டே நடத்தலாம் என்றால், "வருமானம் உனக்கு, ஊருக்கு என்ன?" என்று பங்காளிகளே கேட்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: பங்காளிகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் ஒரு மாத வேலை. வருகிறவர்கள் யார் வீட்டில் தங்குவது என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாசலில் கார்கள் வந்து நின்றால், தண்ணீர்க் குழாயில் தொடங்கி வழிப்பாதை வரை வழக்கு வரும்.

நேபாளத்தின் ஸ்யாங்ஜா மாவட்டத்தில் சிருபாரி என்ற குருங் இன மக்களின் கிராமம் இருக்கிறது. படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த ஊர். 1997 முதல் அங்கே விருந்தினர்களை ஊரே சேர்ந்து வரவேற்கிறது. யார் எந்த வீட்டுக்கு என்பதைக் குழு முடிவு செய்கிறது. ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்டவர்கள் நாம். இது நமக்குப் புரியாத கணக்கல்ல.

லடாக்கில் கதை வேறு. பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்ற பனிச்சிறுத்தையைப் பதிலுக்குக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் அதைப் பார்க்க வரும் பயணிகளை வீடுகள் முறைவைத்துத் தங்கவைக்கத் தொடங்கியபின், அந்த விலங்கே வருமானத்துக்குக் காரணமானது. வருவாயில் 10 சதவீதம் ஊர் நிதிக்குப் போகிறது.

நீங்கள் நான்கைந்து வீடுகளாகச் சேருங்கள். முன்பதிவுக்கு ஒரே கைப்பேசி எண், எல்லோரும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரே நோட்டு. அறை வாடகை அந்தந்த வீட்டுக்கு. ஆகாயகங்கை அருவிக்கு வழிகாட்டும் வேலையும் ஜீப் சவாரியும் அறை இல்லாத வீட்டு இளைஞர்களுக்கு. ஊர் நிதி எதற்கு என்பதை முதல் ரூபாய் சேரும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த உண்டியலே அடுத்த சண்டைக்கு விதை.

சாப்பாட்டில் பட்டணத்து உணவகத்தோடு போட்டி வேண்டாம். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் போதும். ஊர் விளைச்சலை ஊரிலேயே வாங்கினால் அறை இல்லாத வீட்டுக்கும் காசு போகும். கழிப்பறையில் மட்டும் சிக்கனம் கூடாது. கழிவு ஓடையில் கலக்கவே கூடாது.

ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி ஒரு வீட்டில் 6 அறைகள், 12 படுக்கைகள் வரைதான். உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். மாநிலப் பதிவை மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரியுங்கள். சமைத்துப் போட உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு இணையத்தில் பதிய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடன் வாங்கிப் புதுக் கட்டடம் எழுப்பாதீர்கள். கூட்டம் வார இறுதியிலும் ஆடி 18-ஐ ஒட்டிய வல்வில் ஓரி விழாவிலும்தான். மற்ற நாள்களில் மிளகுதான் சோறு போடும்.

கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடியற்காலைக் காப்பியிலிருந்து இரவுப் பாத்திரம் வரை வேலை அவர் தலையில்தான் விழும். அவர் சம்மதித்தால் தொடங்குங்கள். வாடகைப் பணம் அவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும்.