பரோக் செலோவும் லண்டன் பெரியப்பாவும்

போன கிழமை சுவிஸின் பாசலில் இருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார். மகளுக்கு கிம்நாசியத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளியில், கடைசி வருடம். எட்டு வயதில் இருந்து செலோ வாசிக்கிறாள், உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி வாத்தியம். இனி பரோக் செலோதான், அதாவது முன்னூறு வருடத்துக்கு முந்திய பரோக் காலத்து முறையில் வாசிக்கும் செலோதான் படிப்பேன் என்கிறாளாம். லண்டனில் இருக்கும் பெரியப்பா தினமும் போன் எடுக்கிறார். அவர் சொல்வது மருத்துவம், இங்கே இடம் கிடைக்காவிட்டால் பல்கேரியா.

"யோசிக்காதேங்கோ அண்ணை" என்றுதான் தொடங்கினேன். பல்கேரியாவுக்குக் கடன் கேட்டு வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அன்று நேரம் போதாததால் மிச்சத்தை உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

இசை சோறு போடாது என்பது உங்கள் பயம். வியன்னாக் கதை ஒன்று கேளுங்கள். நிக்கோலவுஸ் ஹார்னொன்கூர் 1952இல் வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செலோ வாசிக்கச் சேர்ந்தார். மாதச் சம்பள வேலை. அடுத்த வருடமே வயலின் வாசிக்கும் மனைவி அலிஸோடும் நண்பர்கள் சிலரோடும் கொன்சென்டுஸ் மூசிக்குஸ் வீன் என்ற சிறு குழுவைத் தொடங்கினார். பரோக் கால ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். ஆனால் உடனே மேடை ஏறவில்லை. பழைய வாத்தியங்களைத் தேடுவதும் ஒத்திகை பார்ப்பதுமாகவே நான்கு வருடம் போனது. முதல் பொதுக் கச்சேரி 1957இல்தான். சிம்பொனி வேலையையோ மனுஷன் 1969 வரை விடவில்லை! அப்புறம் 1971இல், நெதர்லாந்து இசைக் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டோடு பங்குபோட்டு, பாக் எழுதிய ஏறக்குறைய 200 தேவாலயக் கன்டாட்டாக்களை (பாட்டும் வாத்தியமும் சேர்ந்த இசைப் படைப்புகள்) இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்ய இறங்கினார். அது முடிய கிட்டத்தட்ட 20 வருடம் பிடித்தது. 2016இல் அவர் காலமானார், குழு இன்றைக்கும் வாசிக்கிறது. 17 வருடம் சம்பளத்தையும் ஆசையையும் ஒன்றாக இழுத்த இந்த மனுஷனின் கணக்கைத்தான் உங்கள் மகளுக்கும் சொல்கிறேன்.

அந்த லியோன்ஹார்ட் எங்கே படித்தார் தெரியுமா? உங்கள் பாசலில். ஸ்கோலா கன்டோரும் பாசிலியென்சிஸ், பழைய இசைக்கென்றே 1933இல் தொடங்கிய பள்ளி. பழைய இசையில் பேர்போன ஜோர்டி சவால் ஸ்பெயினில் இருந்து இங்கே படிக்க வந்து, பிறகு தன் ஆசிரியர் அவுகுஸ்ட் வென்சிங்கரின் இடத்திலேயே படிப்பித்தார். உலகத்துப் பிள்ளைகள் வாடகை கொடுத்து வந்து தங்கும் ஊரில் உங்கள் மகள் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு டிராமில் போகலாம். இதை உங்கள் சொந்தக்காரர் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் என் அறையில் செய்ததை நீங்கள் கவனிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். செலோவின் அடியில் இருக்கும் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, வாத்தியத்தை இரண்டு கெண்டைக்காலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் பிடித்தார்கள். அந்தக் காலத்து நரம்புகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை, அறையில் ஈரம் ஏறினாலே சுருதி விலகும். வில் வெளிப்பக்கம் வளைந்து, நுனி லேசாக இருக்கும். சுருதியும் இன்றைய 440 ஹெர்ட்ஸ் இல்லை, பரோக் வாசிப்பில் பெரும்பாலும் 415, ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. இதையெல்லாம் அவள் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் விளக்கினாள். மருத்துவம் பற்றிக் கேட்டேன், "அப்பாவுக்கு விருப்பம்" என்று இரண்டே சொல்.

காசு விஷயத்தில் நான் இளக மாட்டேன். பழைய செலோ வாங்கச் சீட்டு எடுக்காதீர்கள். இருக்கிற செலோவிலேயே குடல் நரம்பு மாட்டி, பரோக் வில் ஒன்று மட்டும் வாங்கினால் தொடங்கப் போதும், பிறகு வாடகைக்கு எடுக்கலாம். மகளுக்கும் ஒரு நிபந்தனை: இசை கற்பித்தலில் மாஸ்டர் முடித்து, இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தகுதியை எடுத்தே ஆகவேண்டும். அதுதான் அவளுடைய வியன்னா சிம்பொனி. தலையாட்டினாள்.

பல்கேரியாக் கடனுக்கு மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள் அண்ணை. ஆறு வருடப் படிப்பு, பிள்ளைக்கு விருப்பமில்லை, வட்டி உங்கள் தலையில். பெரியப்பா திரும்பவும் போன் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள். மாதாமாதம் எவ்வளவு அவர் கட்டுவார் என்று நானே கேட்கிறேன்.