32 வாரத்தில் 1.6 கிலோ: வளர்ச்சி குறைவா?
சகோதரி, கர்ப்பத்தின் 32 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 1.6 கிலோ, அதன் வயிற்றுச் சுற்றளவு மட்டும் 30 வாரத்துக்குரியது, வளர்ச்சி குறைவா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் குழந்தையை எடை போடுவதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து போடும் கணக்குதான். 10, 15 சதவீதம் முன்பின் ஆகலாம். 32 வாரம் என்பது முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்துச் சொன்னதா? அதுதான் நம்பகமானது.

ஆனாலும் வயிறு பின்தங்குவதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஊட்டம் குறைந்தால் கல்லீரலில் சேமிப்பு குறையும், முதலில் வயிற்றில்தான் தெரியும். தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். வளர்ச்சியை இரண்டு வாரம் கழித்து, முடிந்தால் அதே சென்டரில் அளக்கச் சொல்லுங்கள். அதற்குள் அளந்தால் குழப்பமே மிஞ்சும். குழந்தையின் அசைவு குறைந்தால் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.