வாசகர் கேள்வி-பதில்: பனிக்குள் ஒரு போர்வெல்

கிரீன்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈஸ்ட்கிரிப் முகாமில் 2016 முதல் 2023 வரை பனியைத் துளைத்து, 2,600 மீட்டருக்கும் கீழே அடித்தரையைத் தொட்டார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு வந்தவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் தோட்டத்தில் 1,000 அடி போர்வெல்லை ஒரே நாளில் போட்டுவிட்டார்கள். பனியைத் துளைக்க ஏழு ஆண்டுகளா? (கோயம்புத்தூர் வாசகர்)

உங்களுக்கு வேண்டியது துளை. உள்ளே இருந்த பாறை புழுதியாகப் பறந்தாலும் கவலையில்லை. இங்கே துளை யாருக்கும் வேண்டாம், நடுவில் நிற்கும் பனித்தண்டுதான் ஆராய்ச்சிக்கு வேண்டும். சுமார் 13 செ.மீ. அகலத் துளையில் ஓரத்தை மட்டும் வளையமாகச் சீவி, 98 மி.மீ. விட்டமுள்ள தண்டை உடையாமல் மேலே கொண்டுவர வேண்டும்.

குழாயோடு குழாய் மாட்டி இறக்குவதும் கிடையாது. துரப்பணம் (துளையிடும் கருவி) முழுவதும் ஒரே கேபிளில் தொங்குகிறது. மேல் முனையில் வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் துளைச்சுவரை அழுத்திப் பிடிக்கும். அவை வழுக்கினால், கீழே பனித்தண்டு ஏறும் தண்டுக்குழாய் சுற்றுவதற்குப் பதில் துரப்பணமே சுற்றி, கேபிளை முறுக்கிவிடும். பட்டைகளுக்குக் கீழே மோட்டார், அதற்கடுத்துச் சீவிய பனித்தூள் சேரும் தூள் அறை, கடைசியில் மூன்று கட்டர்கள் பூட்டிய தண்டுக்குழாய். இரண்டு, மூன்று மீட்டர் சீவியதும் மோட்டாரை நிறுத்தி, கேபிளைச் சுற்றும் வின்ச்சால் மெல்ல இழுப்பார்கள். கட்டர்களுக்கு அருகிலுள்ள கவ்விகள் தண்டைக் கடித்து அடியோடு முறிக்கும். ஆங்கிலத்தில் அந்தக் கவ்விகளை ‘நாய்’ என்பார்கள். பொருத்தமான பெயர்தான், கவ்வினால் விடாது.

சீவுவது சில நிமிட வேலை. ஆனால் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுத்தாலும், 2,500 மீட்டரிலிருந்து மேலே வர 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். மறுபடி இறங்க இன்னொரு 40 நிமிடம். மூன்று மீட்டர் பனிக்கு இவ்வளவு. அங்கே வேலை செய்ய முடிவதும் ஏறத்தாழ மே முதல் ஆகஸ்ட் வரைதான். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் போயின.

துளைக்குள் எண்ணெய் ஊற்றுவதாகப் படித்தேன். சுத்தமான பனியில் எதற்கு எண்ணெய்? (காரைக்குடி வாசகி)

ஊற்றாவிட்டால் துளை மூடிக்கொள்ளும். ஆழத்தில் பனி கெட்டியான கல் அல்ல. மேலுள்ள எடை அழுத்த, மெல்ல நகர்ந்து வெற்றிடத்தை அடைக்கப் பார்க்கும். அதற்குச் சமமாக உள்ளிருந்து அழுத்த, பனியின் அடர்த்தியை ஒட்டி, லிட்டருக்கு 0.92 கிலோ அளவில் எடையுள்ள, கடுங்குளிரிலும் உறையாத திரவம் வேண்டும். 2,500 மீட்டர் துளைக்குக் கணக்குப் போட்டால் 33,000 லிட்டர் வருகிறது. எல்லாம் விமானத்தில் வந்து இறங்க வேண்டியது.

முன்பு மண்ணெண்ணெய் வகையோடு, எடை கூட்ட ஓசோனைக் கெடுக்கும் ஒரு திரவத்தையும் கலந்தார்கள். 2008-இல் தொடங்கிய, கிரீன்லாந்தின் நீம் (NEEM) முகாமில் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த எஸ்டிசால் 240 என்ற திரவம் வந்தது. குளிர் கூடினால் அது கூழாகி, துரப்பணம் இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அதனால் பின்னர் எஸ்டிசால் 140-க்கு மாறினார்கள். இது இளகலாக ஓடும், ஆனால் நாற்றம் கையுறையை விட்டுப் போகாது.

மேலே உள்ள பனி இன்னும் இறுகாதது, காற்றுப் புகுவது. அதில் திரவம் கசிந்து ஓடிவிடும். ஆகவே முதல் 60 முதல் 100 மீட்டருக்கு, நம் போர்வெல்லில் மண் சரியாமல் இறக்குவது போலவே, கேசிங் குழாய் உண்டு.

துரப்பணம் உள்ளே மாட்டிக்கொண்டால்? (நாகர்கோவில் வாசகர்)

மாட்டியிருக்கிறது. கிரீன்லாந்தின் நார்த்கிரிப்பில் 1997-இல் மாட்டியது. அண்டார்க்டிகாவின் டோம் சி-யில் 1998 டிசம்பரில் 788 மீட்டரில் மாட்டியது. இரண்டு இடத்திலும் புதுத் துளை தொடங்க வேண்டியதாயிற்று. டோம் சி-யின் இரண்டாம் துளைதான் எட்டு லட்சம் ஆண்டுப் பனியைத் தந்தது.

பெரும்பாலும் குற்றவாளி தூள். 13 செ.மீ. துளையில் 98 மி.மீ. தண்டு போக, மீதி நூற்றுக்கு 43 பங்கு தூளாகிறது. அதுவும் தூளானபின் ஏறத்தாழ இரட்டிப்பு இடம் கேட்கும். மூன்று மீட்டர் தண்டுக்கு 17 லிட்டர் பனி சீவினால், அறைக்குள் 30 லிட்டருக்கு மேல் தூள் அடைகிறது. அறையில் இடமில்லாத தூள் துரப்பணத்துக்கும் சுவருக்கும் இடையே இறுகினால், அதோடு முடிந்தது. துரப்பணக்காரர் கண் எப்போதும் மோட்டாரின் ஆம்பியரில் இருப்பது இதனால்தான். முள் ஏறத் தொடங்கினால், ‘இன்னும் பத்து செ.மீ.’ என்ற ஆசையை விட்டு நிறுத்திவிட வேண்டும். அந்தப் பத்து செ.மீ. ஆசையில் போன துளைகள் உண்டு என்றுதான் நினைக்கிறோம்.

அடித்தரைக்கு அருகே பனி உருகும் நிலையை நெருங்கும்போது தூள் மறுபடி உறைந்து கட்டரிலேயே ஒட்டும். மாட்டியதை விடுவிக்க, உறையவைத்த கிளைக்கால் என்ற ரசாயன உருண்டைகளைத் துளையில் போடுவார்கள். அவை திரவத்தைவிடக் கனமானவை. அடிக்குப் போய்ச் சுற்றியுள்ள பனியைக் கரைக்கும். பொறுமை வேண்டும்.

மேலே வந்த தூளையும் எறிவதில்லை. மையவிலக்கு எந்திரத்தில் சுற்றித் திரவத்தைப் பிரித்து மறுபடி துளைக்கே அனுப்புவார்கள்.

வெளியே வந்த தண்டை என்ன செய்கிறார்கள்? (யாழ்ப்பாண வாசகி)

முதலில் துடைத்து, முந்தைய தண்டின் முறிவு முகத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால் இடையில் எதுவும் தொலையவில்லை. பிறகு 55 செ.மீ. துண்டுகளாக அறுத்து, பையில் வரிசை எண் இடுவார்கள். எண்ணை 0.55-ஆல் பெருக்கினால் துண்டின் அடிமுனை ஆழம் வந்துவிடும். 2,000-ஆம் பை என்றால் 1,100 மீட்டர். ஒரு துண்டு ஏறத்தாழ 3.8 கிலோ.

600 முதல் 1,200 மீட்டர் வரை தொல்லை. அந்த ஆழத்தில் காற்றுக்குமிழ்கள் பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். மேலே வந்ததும் தண்டு படபடவென வெடிக்கும். அதை அறுக்காமல் வலையுறையில் இட்டு, அடுத்த பருவம் வரை குளிர்க்கிடங்கில் ஓய்வுக்கு வைப்பார்கள். அதற்கும் கீழே குமிழ்கள் பனிப்படிகத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடுவதால் தண்டு மறுபடி உறுதியாகும்.

அங்கே சோறு வேகுமா? குளியல் உண்டா? (திருச்சி வாசகர்)

முகாம் 2,700 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் அரிசி நடுவில் வேகாமலே நிற்கும். பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீருக்குக் காற்று வரும் பக்கத்தில், வண்டித்தடம் படாத பனியை வெட்டி உருக்க வேண்டும். மூன்று வாளி பனி ஒரு வாளி தண்ணீர், அதற்கும் எரிபொருள் செலவு. எனவே குளியல் முறை வைத்துத்தான்.

துளையிடும் இடம் பனிக்கு அடியில் குடைந்த சுரங்கம். பனியில் வெட்டிய பள்ளத்தில் பெரிய பலூனை ஊதி, மேலே பனியைக் கொட்டி, இறுகியதும் பலூனை இறக்கிவிட்டால் கூரை தயார். ஜூலையில் வெளியே வெயிலடிக்கும்போதும் உள்ளே மைனஸ் 20-க்குக் கீழேதான், அப்படி இருக்கவும் வேண்டும். வெளிக்காற்று புகுந்தால் தண்டில் வெப்பவிரிசல் விழும். கதவைத் திறந்து போட்டுவிட்டு வருபவருக்கு அன்று திட்டு நிச்சயம்.